பியூசுக்குக் கைவைத்தியம்

(இவ்வாண்டு பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



பிள்ளைகளின் படிப்பைப் பற்றி ஏதாவது பேசும்படி தலைமையாசிரியர் பணித்தார். படிப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் மின்சாரம் வருகிறது. மின்கலம், பல்பு, இரண்டு கம்பி, ஒரு சுவிட்சு. வகுப்பில் பல்பு எரிந்தவுடன் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய், அப்பா நாற்காலியில் ஏறி நின்று சுவரிலிருக்கும் பியூசைக் கழற்றுவதைப் பார்க்கிறார்கள். என் வகுப்பைவிட அந்த வகுப்புதான் அவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிகிறது. ஆகவே இன்று அந்த வகுப்பைப் பற்றிப் பேச விழைகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒயர்மேன் இல்லை. பயிற்சிச் சான்றிதழ் பெற்ற ஆசிரியன், அவ்வளவுதான். எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது என்று கற்றுக்கொடுக்க நான் இங்கே வரவில்லை. எதை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல மட்டுமே வந்திருக்கிறேன்.

நம் தோட்டத்து ஆட்கள் கைவேலை தெரிந்தவர்கள். இதை முகத்துதிக்காகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் உடைந்தால் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவிடுவார்கள். கூரைத் தகரம் ஒழுகினால் தார் பூசிவிடுவார்கள். கதவு, தாழ்ப்பாள், கோழிக்கூடு எல்லாம் அவர்களே செய்துகொள்வார்கள். ரிங்லெட்டுக்கோ தானா ராத்தாவுக்கோ போய் ஆள் கூட்டி வந்தால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். ஆகவே நாமே பார்த்துக்கொள்வோம் என்ற பழக்கம் தாத்தா காலத்திலிருந்து வந்தது. கெட்ட பழக்கம் என்று அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குழாய்க்கும் தகரத்துக்கும் இருக்கிற ஒரு குணம் கரண்டுக்கு இல்லை. குழாயைத் தப்பாகக் கட்டினால் உடனே ஒழுகும். தாரைத் தப்பாகப் பூசினால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். கரண்டு வேலையைத் தப்பாகச் செய்தாலோ, லைட் பளிச்சென்று எரியும்! அங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு லயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எந்தத் தோட்டம், யார் வீடு என்று கேட்காதீர்கள். பழைய பலகை வீடு. சுவரில் பழைய காலத்துப் பீங்கான் பியூஸ். மழை மாதம், குளிர் அதிகம். ஒரே வாரத்தில் மூன்று முறை பியூஸ் போயிற்று. வீட்டுக்காரர் முறையாக ஆபீசில் போய்ச் சொன்னார். "ஆள் அனுப்புறோம்" என்றார்கள். ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. மகளுக்குப் பரீட்சை நேரம். பிள்ளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிப்பதை எந்தத் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பான்? பழைய ஒயரை உரித்து, உள்ளே இருந்த செம்புக் கம்பி இழைகளை ஒன்றாக முறுக்கி, பீங்கானில் மாட்டினார். லைட் வந்தது. அதற்குப் பிறகு பியூஸ் போகவே இல்லை. "அண்ணே, நம்ம வீட்டுக்கும் அதே மாதிரி போட்டுக் கொடுங்க" என்று பக்கத்து வீட்டார் கேட்கும் அளவுக்கு அந்த வேலை பேர் வாங்கியது.

எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அதற்குள் வீட்டுக்குப் புதிய கெட்டில் வந்தது. அயர்ன் பெட்டி முன்பே இருந்தது. ஈரச் சீருடையை அயர்ன் போட்டே காய வைப்பது இந்த மலையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு நாள் விடியற்காலை, அலமாரிக்குப் பின்னால் ரப்பர் கருகும் வாடை. பாட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ தீய்கிறது என்று நினைத்தார்களாம். எழுந்து போய்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது. பார்க்கப் பார்க்கப் பலகை இடுக்கில் தீ. ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தார். மெயின் சுவிட்சை இறக்கும்வரை ஊற்றாதே என்று இன்னொருவர் கத்தித் தடுத்தார். நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அலமாரி போயிற்று. அதனுள்ளே இருந்த பள்ளிச் சீருடை, புத்தகம், எல்லார் பிறப்புப் பத்திரமும் போயிற்று. சீருடைக்கு நாம் வசூல் செய்து கொடுத்துவிடலாம். பிறப்புப் பத்திரத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறி அலைய வேண்டும் என்பது இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும்.

"ஷார்ட் சர்க்கிட்" என்றார்கள். "கெட்ட நேரம்" என்றும் சொன்னார்கள். நான் சொல்வது, தீ அன்று விடியற்காலையில் பிடிக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன், லைட் எரிந்ததே, அந்த நிமிஷத்திலேயே அது வீட்டுக்குள் வந்துவிட்டது. புகை மட்டும் எட்டு மாதம் கழித்து வந்தது.

எப்படி என்று பார்ப்போம். தாய்மார்கள் பிரஷர் குக்கர் பார்த்திருக்கிறீர்கள். விசில் போடும் இடம் ஒன்று. மூடியில் வேறோர் இடத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு. விசில் அடைத்துக்கொண்டு உள்ளே சூடு எல்லை மீறினால், அந்த வால்வில் இருக்கும் உலோகம் உருகி வழிவிடும். குக்கரிலேயே பலவீனமான இடம் அதுதான். வேண்டுமென்றேதான் பலவீனமாகச் செய்திருக்கிறார்கள். அது உருகிவிட்டதே என்று அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை முடுக்கி வைக்கிற அம்மா யாராவது இங்கே உண்டா? குக்கர் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும் என்று உங்களுக்குத் தெரியும். பியூஸ் கம்பியும் அதே வேலைதான் செய்கிறது. வீட்டுக்குள் ஓடும் கம்பிகளிலேயே மெலிந்தது அது. 5 ஆம்பியர் பியூஸ் கம்பியின் தடிமன் 0.2 மில்லிமீட்டர். 15 ஆம்பியர் கம்பி அரை மில்லிமீட்டர். தாங்க முடியாத கரண்டு ஓடினால், சுவருக்குள் இருக்கும் கம்பி சூடேறுவதற்கு முன்னால் இது உருகித் தன்னை அழித்துக்கொள்ளும். பியூஸ் போனால், அது தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

நாம் என்ன செய்கிறோம்? "சும்மா சும்மா போகுது" என்று சலித்துக்கொண்டு ஒரு மில்லிமீட்டர் செம்புக் கம்பியை மாட்டுகிறோம். அந்தக் கம்பி உருக ஏறத்தாழ 80 ஆம்பியர் ஓட வேண்டும். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து வைப்பார்கள், சிலர் ஆணி. அதன் பிறகு வீட்டில் உருகக் கூடியது எது? பலகைக்குப் பின்னால், கூரைக்குள், நம் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறதே, அந்த ஒயர். அதன் பிளாஸ்டிக் உறை சாதாரணமாக 70 டிகிரிச் சூட்டுக்குத்தான் செய்யப்பட்டது. மிகப் பழைய வீடுகளில் ரப்பர் உறை. வயதானால் தொட்டாலே உதிரும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கரண்டு இரண்டு மடங்கானால் கம்பியின் சூடும் இரண்டு மடங்காகும் என்று நினைப்போம். அப்படி இல்லை, நான்கு மடங்காகும். மூன்று மடங்கு கரண்டுக்கு ஒன்பது மடங்கு சூடு. அதனால்தான் கெட்டில் ஒன்றை மட்டும் போடும்போது ஒன்றும் தெரியாத ஒயர், கெட்டிலும் அயர்னும் சேர்ந்தவுடன் கொதிக்கிறது.

ஆறாம் ஆண்டு மாணவர்களே, ஒரு கணக்கு. சாமானின் அடியில் வாட் என்று ஓர் எண் போட்டிருக்கும். அதை 230ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வரும். கெட்டில் 2000 வாட், ஏறத்தாழ 8.7 ஆம்பியர். அயர்ன் 1000 வாட், 4.3 ஆம்பியர். ரைஸ் குக்கர் 700 வாட், 3 ஆம்பியர். மூன்றையும் ஒரே நீட்டு ஒயர் பலகையில் மாட்டினால் 16 ஆம்பியர். அந்தப் பலகையின் பிளக்கு தாங்குவது 13. இன்று ராத்திரி வீட்டில் உள்ள சாமான்களை எல்லாம் புரட்டிப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டு வாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் புரட்டுங்கள், அதைச் சொல்ல மறந்துவிடப் போகிறேன்.

இப்பொழுது பல வீடுகளில் பீங்கான் பியூஸ் போய், விழுகிற சுவிட்சு வந்துவிட்டது. எம்.சி.பி. என்பார்கள். கம்பி மாட்டும் தொல்லை இல்லை. ஆனால் கைவைத்தியம் மட்டும் நிற்கவில்லை. அடிக்கடி விழுகிறது என்று 20 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 ஆம்பியர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது. சுவருக்குள் இருக்கும் ஒயர் அதே பழைய ஒயர்தான். 20க்குப் போட்ட கம்பியில் 32 ஓடலாம் என்று காவல்காரனே கதவைத் திறந்துவிட்ட கதைதான் அது.

இந்த மாதிரிக் காரியம் படிப்பறிவில்லாதவர்கள் செய்வது, தொழில் தெரிந்தவன் செய்ய மாட்டான் என்று யாராவது நினைத்தால், உங்களைக் கொஞ்ச நேரம் டில்லிக்குக் கூட்டிப்போக வேண்டும். அங்கே உப்ஹார் என்று ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. 1997ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. 'பார்டர்' என்ற இந்திப் படம். கொட்டகையின் கீழ்த்தளத்தில் மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் இருந்தது. அன்று காலை ஏழு மணிக்குச் சற்று முன் அதில் தீப்பிடித்தது. அணைத்துவிட்டார்கள். பிறகு மின்வாரிய ஆட்களே வந்து பழுது பார்த்தார்கள். தடித்த கேபிளின் முனையை அதற்குரிய கருவியால் அழுத்திப் பொருத்த வேண்டும். அந்தக் கருவி கையில் இல்லை. சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள். பதினொன்றரை மணி வாக்கில் கரண்டு வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே எவரும் நினைப்பார்கள்?

மாலை ஐந்து மணியளவில் அந்த முனை கழன்றது. பொறி பறந்து டிரான்ஸ்பார்மரின் எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. பக்கத்தில் நிறுத்தியிருந்த கார்களும் எரிந்தன. புகை மாடிப்படி வழியாக மேலே பால்கனிக்குப் போனது. அங்கே கூடுதல் நாற்காலி போட்டு வழியைக் குறுக்கியிருந்தார்கள். வெளியேற முடியாமல் 59 பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சங்கம் அமைத்து, இருபது ஆண்டுக்கும் மேலாக நீதிமன்றப் படி ஏறினார்கள். கொட்டகை முதலாளிகளின் குற்றம் பெரிது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. நான் பார்ப்பது காலை பதினொன்றரை மணியை. அந்த நேரத்தில் யாராவது வந்து பார்த்திருந்தால், "நல்லா வேலை செய்யுது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம் லயத்து வீட்டிலும் அதையேதான் சொன்னோம்.

இதுவரை பேசியது வீட்டைப் பற்றி. இனி ஆளைப் பற்றி.

பியூஸ் இருக்கிறது, ஆகவே நமக்குக் கரண்டு அடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. பிளக்கில் இருக்கும் பியூஸ் 13 ஆம்பியருக்கு மேல் போனால்தான் உருகும். மனிதனைக் கொல்ல 13 ஆம்பியர் வேண்டாம், ஓர் ஆம்பியர்கூட வேண்டாம். ஆம்பியரை ஆயிரமாகக் கூறு போட்டால் ஒரு கூறு மில்லி ஆம்பியர். 10 மில்லி ஆம்பியர் அளவில் கை கம்பியைப் பிடித்தபடி இறுகிக்கொள்ளும், விட முடியாது. 30க்கு மேல் நெஞ்சு வழியாகக் கொஞ்ச நேரம் ஓடினால் இதயம் தாளம் தவறிவிடும். பியூஸ் அதைக் கவனிக்கவே கவனிக்காது. அது ஒயரின் காவல்காரன், உங்களுடைய காவல்காரன் வேறு. அவன்தான் 'டி' என்ற எழுத்துப் போட்ட சின்னப் பொத்தானோடு இருக்கும் பெரிய சுவிட்சு. ஆர்.சி.டி. என்றும், பழைய வழக்கில் ஈ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் கொஞ்சம் நம் உடம்பு வழியாக மண்ணுக்குப் போனாலும், கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

இது நம் மலைக்கு ஏன் முக்கியம்? குளிர்தான் காரணம். முன்பெல்லாம் குளிக்க விறகடுப்பில் தண்ணீர் காய வைத்தோம். இப்போது சுவரில் ஹீட்டர். ஒரு ஹீட்டர் 3600 வாட் என்றால், ஏறக்குறைய 16 ஆம்பியர். அதற்குத் தனி ஒயர் வேண்டும், தரைக்கம்பி வேண்டும், 10 மில்லி ஆம்பியரிலேயே விழும் காவல் சுவிட்சும் வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? அடுப்படி பிளக்கிலிருந்து ஒயரை இழுத்து, பச்சை மஞ்சள் கம்பியை "இது எதுக்கு, தேவையில்லை" என்று வெட்டிவிட்டு மாட்டுகிறோம். வெந்நீர் வருகிறது. தரைக்கம்பி இல்லாவிட்டாலும் வெந்நீர் வரத்தான் செய்யும். உள்ளே என்றைக்காவது கசிவு ஏற்படும். அன்றைக்கு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பது யாரோ, குழாயைத் தொடுவது யாரோ!

மாணவர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. இரண்டு முள் பிளக்கைச் சொருக, மேல் ஓட்டையில் பென்சிலை விட்டு அழுத்துகிறீர்கள். நான் இந்தப் பள்ளியிலேயே பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லவா? வேண்டாம், பெற்றோர் இருக்கிறார்கள். மூன்று முள்ளில் மேல் முள் மட்டும் ஏன் நீளம்? அது முதலில் உள்ளே போய், கீழ் இரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறக்க வேண்டும், தரைத் தொடர்பும் முதலில் ஏற்பட வேண்டும் என்பதற்காகத்தான். சின்னப் பிள்ளைகள் கீழ் ஓட்டையில் எதையும் விட்டுவிடக் கூடாது என்றுதான் அந்த மூடி. பென்சிலால் அதைத் திறந்து காட்டினால், பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி நாளைக்கு ஆணியால் திறப்பான். பென்சில் ஈயமும் கரண்டைக் கடத்தும், வகுப்பில் படித்தோமே!

சரி, பிறகு என்னதான் செய்வது, சார், இருட்டிலேயே உட்கார்ந்திருப்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் மலைத் தண்ணீரில்தான் கரண்டு எடுக்கிறார்கள். தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் தண்ணீரை ரிங்லெட் சுல்தான் அபு பாக்கார் அணையில் தேக்கி, மலைக்குள் சுரங்கம் வெட்டி, பேராக் பக்கம் ஜோர் மின்நிலையத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் 1963லேயே முடிந்தது. 100 மெகாவாட். அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே மண்ணெண்ணெய் விளக்கில் படித்த கதையை இங்கிருக்கும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் பேரப் பிள்ளைகளையும் மெழுகுவர்த்தியில் படிக்கச் சொல்ல எனக்கு மனம் வருமா?

பல்பு மாற்றுவது, பிளக்கு பியூசை அதே எண்ணுக்கு மாற்றுவது, இவற்றை நாமே செய்யலாம். சுவருக்குள் இருப்பதும், மெயின் பெட்டிக்குள் இருப்பதும் எரிசக்தி ஆணையத்தில் பதிந்துகொண்ட ஒயர்மேனின் வேலை. தோட்டத்து வீடு என்றால் அந்த ஒயர்மேனை வரவழைக்க வேண்டியது யார்? இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் என்று ஒன்று 1990இல் வந்தது. 446ஆம் சட்டம். தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டில் தண்ணீரும் மின்சாரமும் இருக்க வேண்டும், வீடு நல்ல நிலையில் பழுது பார்த்து வைக்கப்பட வேண்டும் என்பது அதில் முதலாளியின் கடமை. நீங்கள் ஆபீசுக்குப் போய் நிற்பது கையேந்துவது ஆகாது.

ஆனால் வாயால் சொன்னது காற்றில் போகும். அந்த லயத்து வீட்டுக்காரரும் வாயால்தான் சொன்னார். எந்தத் தேதியில் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று பிறகு கேட்டபோது கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. பழியெல்லாம் அவர் முறுக்கிய கம்பி மேல் விழுந்தது. கம்பி தப்புதான். இரண்டு வாரம் காத்திருந்ததையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் பார்ப்பேன்.

ஆகவே ஒரு சின்ன ஏற்பாடு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் மலாய் மொழியில் ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்திருக்கிறார்கள். வீட்டு எண், தேதி, என்ன பழுது, எத்தனை முறை பியூஸ் போயிற்று, இதற்கெல்லாம் இடம் விட்டிருக்கிறது. இரண்டு பிரதி. ஒன்றை ஆபீசில் கொடுங்கள், மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேர் என் வகுப்பில் இருப்பார்கள், கேட்டுக் கேட்டு எழுதிக் கொடுப்பார்கள். முதல் கடிதம் ஏற்கெனவே போய்விட்டது. அது நம் பள்ளிக் கழிவறைக்குப் பக்கத்திலிருக்கும் சுவிட்சைப் பற்றியது.

கடிதங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு பழைய பீங்கான் பியூசும், அதில் மாட்டும் 5 ஆம்பியர் கம்பியும், முறுக்கிய செம்புக் கம்பியும் வைத்திருக்கிறேன். எதிலும் கரண்டு இல்லை, பயப்படாமல் கையில் எடுத்துப் பாருங்கள். டீ தயாராகிவிட்டது என்று சங்கச் செயலாளர் கை காட்டுகிறார்.